காலிக்குப் போவதற்கு முதலில் மருதானைக்குப் போங்கள்

விடியக் காலை ஐந்து மணி. தெற்குக் கரையில் இருக்கிற காலி நகரத்துக்குப் போகவேண்டிய நாங்கள் அதற்கு நேர் எதிர்த்திசையில், இரண்டு ஓட்டோவில் பிரிந்து, கொழும்பு மருதானையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. "வீட்டு வாசலில ஸ்டேஷனை வைச்சுக்கொண்டு ஏன் பிள்ளை என்னை ஊர் சுத்திக் காட்டுறாய்?" என்றார்.

கேட்டதில் நியாயம் இருக்கிறது. எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம், மரைன் டிரைவைப் பார்த்த ஒரு மாடிவீடு. பல்கனியில் நின்றால் தண்டவாளம், அதற்கு அப்பால் கற்கள், அப்புறம் கடல். காலி ரயில் எங்கள் துணிக்கொடிக்கு முன்னால்தான் போகிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு நானும் அம்மாவைப் போலத்தான் யோசித்தேன். வெள்ளவத்தை ஸ்டேஷனில் டிக்கெட் எடுத்துக்கொண்டு குடும்பமாக நின்றோம். ரயில் வந்தது. வாசலில் தொங்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்தவுடனேயே இவர் (என் கணவர்) வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்றார். நான்தான் கேட்கவில்லை. அப்போது மூன்று வயதான மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்பலாங்கொடை வரை நின்றேன். கடல் பக்கம் எது, காடு பக்கம் எது என்று தெரியாது. முன்னால் நின்றவரின் சட்டைக் கோடுகளை மட்டும் நன்றாகப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். தெற்கே போகிற நெடுந்தூர ரயில்களில் பல மருதானையில்தான் புறப்படுகின்றன. மருதானையிலேயே ஏறுகிற விவரமான ஆட்கள் யன்னல் சீட்டுகளைப் பிடித்துவிடுவார்கள். அடுத்த ஸ்டேஷன் கொழும்புக் கோட்டை. அங்கே மீதி நிரம்பும். வெள்ளவத்தைக்கு வரும்போது கையை நுழைக்கவும் இடம் இருக்காது. சாதாரண மூன்றாம் வகுப்புப் பெட்டியில் முன்பதிவு கிடையாது, முந்தியவருக்குச் சீட். அதனால் வயதானவரையோ சின்னப் பிள்ளையையோ கூட்டிப் போவதென்றால் புறப்படுகிற இடத்துக்கே போய் ஏறிவிடுங்கள். ஓட்டோக் காசு கையைக் கடித்தாலும் பரவாயில்லை. இன்னொரு வசதியும் உண்டு. ரயில் படி உயரம். இடையில் உள்ள ஸ்டேஷன்களில் ஒன்றிரண்டு நிமிடம்தான் நிற்கும், அதற்குள் முழங்கால் வலிக்காரர் எங்கே ஏறுவது? மருதானையில் நிற்கிற பெட்டியில் அம்மா வலக்காலை வைத்து, மூச்சு வாங்கி, பிறகு இடக்காலை வைத்து, கோயில் படி ஏறுவதுபோல ஏறினார். யாரும் பின்னால் இருந்து தள்ளவில்லை.

ரயில் நேரத்துக்கு இணையத்தில் கிடைக்கிற பழைய அட்டவணைகளை நம்பாதீர்கள். விடுமுறை நாளில் அலுவலக ரயில்கள் பல ஓடாது. முதல் நாள் அரசாங்கத் தகவல் இலக்கமான 1919க்கு அடித்துக் கேளுங்கள், தமிழிலும் கதைப்பார்கள். நாங்கள் போனது மாசி மாதத்தில் ஒரு போயா நாள், அதாவது பௌர்ணமி விடுமுறை. கடலுக்கு மாசி நல்லது. தெற்குக் கரையில் வைகாசி முதல் புரட்டாசி வரை கடல் கொந்தளிப்பாக இருக்கும், பிள்ளைகளைக் காலைக்கூட நனைக்க விடமுடியாது. ஆனால் கூட்டத்துக்கு போயா நல்லதல்ல. தங்கச்சிக்கு அன்றைக்குத்தான் லீவு, வேறு வழியில்லை.

மருதானையில் ஏறியதும் வலப்பக்க யன்னல்களைப் பிடித்தோம். போகும்போது கடல் வலது கைப் பக்கம். காலை வெயில் இடப்பக்கம் அடிக்கும் என்பதால் கடலும் நிழலும் ஒரே பக்கத்தில் கிடைக்கும். கோட்டையில் ரயில் நின்றபோது மகன் தலையை நீட்டி நீட்டிப் பார்த்தான். "கோட்டை எங்க?" எனக்குச் சிரிப்பு. கொழும்புக் கோட்டையின் மதில்களை ஆங்கிலேயர் 1870ஐ ஒட்டிய வருடங்களில் இடித்துவிட்டார்கள், பெயர் மட்டும் மிச்சம் என்று ஐந்து வயதுக்காரனுக்கு எப்படிச் சொல்வது? "அது காலியில இருக்கு" என்றார் இவர். பிறகு ஒரு மணி நேரம் அந்தக் கேள்விதான். காலி காலியாக இருக்குமா, ஆட்கள் இருப்பார்களா என்று.

கொள்ளுப்பிட்டியிலேயே கடல் வந்துவிட்டது. பம்பலப்பிட்டி, அப்புறம் வெள்ளவத்தை. வீட்டை விட்டு வெளிக்கிட்டு இவ்வளவு நேரம் கழித்து வீட்டு வாசலாலேயே போகிறோம்! எல்லாரும் இடப்பக்கம் எட்டிப் பார்த்தோம். மகள்தான் முதலில் கண்டாள். "அம்மா, பல்கனி லைட்!" விடிந்து வெளிச்சமான வானத்தின் கீழே எங்கள் பல்கனி பல்ப் மட்டும் வைராக்கியமாக எரிந்துகொண்டிருந்தது. கடைசியாகக் கதவைப் பூட்டியவர் இவர். மின்சாரக் கட்டணம் பற்றி மாதா மாதம் எங்களுக்கு உபதேசம் செய்பவரும் இவர்தான். கல்கிசை வரும்வரை யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

ரத்மலானைக்குப் பிறகு கடல் ஒளிந்துகொள்ளும். மொரட்டுவை, பாணந்துறை எல்லாம் வீட்டுப் பின்புறங்கள், வாழைக்குலைகள், துவைத்த துணிகள். அம்மா மகனை மடியில் வைத்து ஸ்டேஷன் பலகைகளை வாசிக்கவைத்தார். மூன்று மொழியிலும் பெயர் இருப்பதால் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. வாதுவை படித்துவிட்டான். களுத்துறையில் ளு தடக்கியது.

வடைக்காரர் அங்கேதான் வந்தார். "வடே, வடே, இஸ்ஸோ வடே" என்று ஒரே மூச்சில், தலைக்கு மேல் கூடையைப் பிடித்துக்கொண்டு. இறால் வடையை அவர் சுற்றிக் கொடுத்தது ஒரு பள்ளிக்கூடக் கொப்பித் தாளில். சிங்களப் பிள்ளை ஒன்றின் கணக்குக் கொப்பி. கணக்குக்கு மொழி வேண்டாமே. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த அம்மா, வடையைத் தங்கச்சியின் கையில் கொடுத்துவிட்டு எண்ணெய் ஊறிய தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மூண்டாவது கழித்தல் பிழை. சரி போட்டு விட்டிருக்கினம்." அந்தப் பிள்ளை இப்போது எங்கே, எந்த வகுப்பில் இருக்கிறதோ, அம்மா அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் கவலைப்பட்டார். வடை நல்ல சூடு. சில்லறைத் தாள்கள் கையில் வைத்திருங்கள், ஐயாயிரம் ரூபாயை நீட்டினால் வடைக்காரர் உங்களைப் பார்க்கிற பார்வையே வேறு.

களு கங்கைப் பாலத்தைக் கடக்கும்போது வெள்ளைத் தாதுகோபம் தெரியும். போயா என்பதால் வெள்ளை உடுப்பும் தாமரைப் பூவுமாக வந்தவர்கள் களுத்துறை தெற்கில் கும்பலாக இறங்கினார்கள். அங்கே இருக்கிற போதிமரத்தை வணங்கப் போகிறவர்கள். பெட்டி பாதி காலி. "காலி வந்துட்டுதா?" என்று மகன் கேட்டதற்கு அடுத்த சீட்டில் இருந்த பேருவளை முஸ்லிம் பெரியவரும் சேர்ந்து சிரித்தார். அதுவரை அவருக்குத் தமிழ் தெரியும் என்றே எங்களுக்குத் தெரியாது. என்னென்ன கதைத்தோமோ என்று தங்கச்சி என் காதில் கேட்டாள்.

அம்பலாங்கொடை கழிந்ததும் அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். அம்பலாங்கொடைக்கும் ஹிக்கடுவைக்கும் இடையில்தான் பெரலிய. 2004 டிசம்பர் 26, அதுவும் ஒரு போயா, ஞாயிற்றுக்கிழமை. எங்களைப் போலவே கொழும்பில் ஏறி, விடுமுறைக்குத் தெற்கே போய்க்கொண்டிருந்த குடும்பங்கள் நிறைந்த ரயில் இந்த இடத்தில் நின்றது. முதல் அலை வந்தபோது ஊர்ச் சனமும் பாதுகாப்பு என்று நினைத்து ரயிலில் ஏறிக்கொண்டது. அடுத்த அலை பெட்டிகளைப் புரட்டியது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள். உலகில் நடந்த ரயில் அனர்த்தங்களில் இவ்வளவு பேரைக் கொண்டுபோனது வேறில்லை என்கிறார்கள். அம்மாவின் சொந்தத்தில் சிலர் அதே நாள் அதே கடலில், வடமராட்சி கிழக்குப் பக்கம் போனவர்கள். மகள் ஏதோ கேட்க வாயெடுத்தாள், தங்கச்சி அவள் கையைப் பிடித்தாள். ரயில் அங்கே நிற்கவில்லை. கடல் அன்று குளத்துத் தண்ணீர் மாதிரிக் கிடந்தது.

காலி ஸ்டேஷனில் இறங்கியதும் நாங்கள் செய்யத் தவறிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அன்றைய நாள் முழுவதும் அதில்தான் தொங்கியது. போகிற ரயிலைப் பற்றி எல்லாரும் விசாரிப்போம். திரும்பி வருகிற ரயில்தான் உண்மையில் நாளைத் தீர்மானிக்கிறது. இந்தப் பாதை 1894இல் காலிக்கு வந்தது, அடுத்த வருடம் மாத்தறைக்குப் போனது, 2019இல் பெலியத்தைவரை நீண்டது. ஆகவே காலியிலிருந்து கொழும்புக்கு வருகிற ரயில்களில் இரண்டு வகை. காலியிலேயே புறப்படுவது ஒன்று, மாத்தறைப் பக்கமிருந்து நிரம்பி வருவது மற்றது. காலி முட்டுச்சந்து மாதிரியான ஸ்டேஷன். வருகிற ரயில் எஞ்சினை மறுபக்கம் மாட்டிக்கொண்டு வந்த வழியே திரும்ப வேண்டும். முகம் முன்னால் இருக்க வந்தவர்கள் முதுகு முன்னால் இருக்கப் போவார்கள். எந்த ரயில் இங்கேயே புறப்படுகிறது என்று இறங்கியவுடன் கவுண்டரில் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். "பிறகு பாப்பம்" என்றேன் நான். இந்த முறை பழி என்மேல்.

ஸ்டேஷனிலிருந்து கோட்டை வாசல் நடக்கிற தூரம்தான். எதிரே கிரிக்கெட் மைதானம், அதற்குப் பின்னால் மதில் எழும்பி நிற்கிறது. மகனுக்கு வாய் மூடவில்லை. போர்த்துக்கீசர் தொடங்கி, ஒல்லாந்தர் பெரிதாகக் கட்டிய கோட்டை. 1988 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது. தரைப்பக்கக் கொத்தளங்களுக்குச் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று பெயர். பிள்ளைகளுக்கு இந்த ஒன்றே போதும், எது எதுவென்று கண்டுபிடிக்க ஓடினார்கள். அம்மாவுக்கு ஓட்டோ பிடித்து உள்ளே வெளிச்சவீட்டடிக்கு அனுப்பினோம். ஏறமுன்பே விலை பேசிக்கொள்ளுங்கள்.

மதில்மேல் ஏறியதும் இவர் மைதானத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டார். 2010 ஜூலை 22 அன்று முரளி இந்த மைதானத்தில்தான் எண்ணூறாவது விக்கெட்டை எடுத்தார். அந்தப் போட்டிக்குள் வரும்போது 792. எட்டு வேண்டும், அதுதான் கடைசி டெஸ்ட் என்று வேறு அறிவித்தாகிவிட்டது. எட்டாவதை, தன் கடைசிப் பந்தில், ஓஜாவின் மட்டையைத் தொட்டு மஹேலவின் கைக்கு அனுப்பி எடுத்தார். இவர் அன்றைக்கு வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு கொழும்பு காலி வீதியில் ஒரு கடை டீவிக்கு முன்னால் நின்றாராம். "இந்த மதிலிலயே நிண்டிருக்கலாம், காசும் இல்லை" என்று பதினைந்து நிமிடம் புலம்பினார். உண்மைதான், ஆட்டம் நடக்கிற நாட்களில் சனம் மதிலில் நின்று இலவசமாகப் பார்க்கும்.

மதிலில் நிழல் கிடையாது. இதைப் பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும். பத்தரை மணிக்கு மேல் கல் சூடேறிவிடும். நாங்கள் தலைக்குத் துவாயைப் போட்டுக்கொண்டு நடந்தோம், மகள் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டாள். விடியவும் பின்னேரமும் மதில், நடுப்பகலில் உள்தெருக்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பழைய வாசலில் உள்பக்கம் 1669 என்று வருடம் பொறித்த ஒல்லாந்தர் கம்பனிச் சின்னத்தில் இரண்டு சிங்கமும் உச்சியில் ஒரு சேவலும் இருக்கின்றன. மகன் சேவலை மட்டும் ஏற்றுக்கொண்டான், சிங்கங்கள் நாய் மாதிரி இருக்கிறதாம்.

மத்தியானச் சாப்பாடு நீதிமன்றச் சதுக்கத்துப் பெரிய மரங்களின் கீழ். விடிய மூன்றரைக்கு எழும்பிக் கட்டிய கட்டுச்சோறு: புளிச்சாதம், உருளைக்கிழங்குப் பொரியல், அவித்த முட்டை. தயிர், தேங்காய்ப்பால் சேர்ந்த எதையும் இந்த வெயிலுக்குக் கட்டாதீர்கள், போன தடவை சொதி கொண்டுபோய் அழுதிருக்கிறேன். சாப்பிட்ட பிறகு தாகத்துக்கு ஒரு வடிவான கடைக்குள் நுழைந்தோம். பெயர் வேண்டாம். ஆறு தேசிக்காய்த் தண்ணீருக்கு வந்த பில்லில் வெள்ளவத்தையில் ஆறு பேரும் மீன் குழம்போடு சாப்பிடலாம். மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் இருந்த சேவைக் கட்டணத்தைப் பில் வந்த பிறகுதான் பார்த்தோம். விலையைக் கேட்க வெட்கப்பட்டது எங்கள் பிழை. இரண்டு தெரு தள்ளி, வெளிச்சவீட்டுப் பக்கம், ஒரு முஸ்லிம் பெரியவரின் சின்னக் கடையில் பிளேன்ரீ குடித்தோம். கோட்டைக்குள் இன்றைக்கும் தமிழ் பேசுகிற முஸ்லிம் குடும்பங்கள் நிறைய. "எங்க, யாழ்ப்பாணமா?" என்று அம்மாவின் பேச்சை வைத்தே பிடித்துவிட்டார். வெள்ளை மாளிகை மாதிரி நிற்கிற மீரான் பள்ளிவாசலைத் தேவாலயம் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார்.

அம்மாவுக்குக் காலியில் பார்க்க ஆசைப்பட்டது ஒரே ஒரு பொருள்தான்: மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்தளபதி செங் ஹே கொண்டுவந்து நாட்டிய கல். 1409 என்று திகதி போட்டு, சீனத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்துக்கும், தமிழில் தெனாவரை நாயனார் என்ற இந்துத் தெய்வத்துக்கும் காணிக்கை சொல்கிறது. 1911இல் காலியில் கண்டெடுத்தார்கள். நான் பெரியவரிடம் வழி கேட்டேன். "அது கொழும்பு மியூசியத்தில எல்லோ இருக்கு" என்றார். வீட்டிலிருந்து ஓட்டோத் தூரம்! அம்மா என்னைப் பார்த்த பார்வையில் முப்பது வருடத்து ஆசிரியை இருந்தார்.

வெளிச்சவீட்டுக்குக் கீழே சின்னக் கடற்கரை ஒன்று உண்டு, பாறைகள் அலையைத் தடுப்பதால் தண்ணீர் அடங்கி நிற்கும். அங்கே பிள்ளைகளை இறக்கினோம். காலுக்குப் பழைய ரப்பர் செருப்பு போடுங்கள், பாறை கிழிக்கும். மதிலிலிருந்து கடலுக்குப் பாய்ந்து காட்டிக் காசு கேட்கிற இளைஞர்களைக் கண்டால் பிள்ளைகளின் கவனத்தைத் திருப்புங்கள். மகன் வீட்டுக் கட்டிலிலிருந்து இரண்டு வாரம் பாய்ந்துகொண்டிருந்தான்.

இந்தக் குளிப்புதான் கடித்தது. "இன்னும் அஞ்சு நிமிசம்" என்பது முக்கால் மணி நேரமானது. உப்புத் தலையும் மண் காலுமாக ஸ்டேஷனுக்கு வந்தபோது காலியிலேயே புறப்படுகிற பின்னேர ரயில் போய்விட்டிருந்தது. அடுத்தது மாத்தறையிலிருந்து வந்தது. கதவைப் பார்த்ததும் இரண்டு வருடத்துக்கு முந்திய சட்டைக் கோடுகள் ஞாபகம் வந்தன.

எப்படியோ நுழைந்தோம். அம்மா கம்பியைப் பிடித்து நின்றார். முழங்கால் நடுங்குவதை நான் பார்த்தேன், நான் பார்த்ததைக் கவனிக்காததுபோல அவர் பாவனை செய்தார். அப்போது ஒரு பொடியன், பல்கலைக்கழகப் பையோடு இருந்தவன், எழும்பி இடத்தைக் காட்டி, "அம்மே, வாடி வென்ன" என்றான். உட்காருங்கள் என்று அர்த்தம். அம்மாவுக்குச் சிங்களம் அவ்வளவு வராது. திகைத்து என்னைப் பார்த்தார். "என்னடி இவன் என்னை வாடி எண்டுறான்?" தங்கச்சி சிரித்துச் சிரித்துக் கம்பியை விட்டுவிட்டாள். அரைகுறைச் சிங்களத்தில் இவர் அதைப் பொடியனுக்கு விளங்கப்படுத்த, அவன் காது சிவந்து, பிறகு அவனும் சிரித்தான். அளுத்கம வரை அவன் நின்றுகொண்டே வந்தான். இறங்குமுன் அம்மா அவனுக்கு மிச்சமிருந்த இரண்டு அவித்த முட்டையையும் கொடுத்தார்.

திரும்பும்போது கடல் இடப்பக்கம். பின்னேர வெயிலும் அதே பக்கம்தான் அடிக்கும், அதனால் கடலுக்காக அந்தச் சீட்டைப் பிடித்தவர்கள் பைகளால் முகத்தை மறைத்துக்கொண்டு வந்தார்கள். ஹிக்கடுவை தாண்டி, இரண்டு தலைகளுக்கு நடுவில் இருந்த இடைவெளியில், சூரியன் இறங்குவதை மகளுக்கு மட்டும் தூக்கிக் காட்ட முடிந்தது. பாணந்துறையில் எல்லாருக்கும் இடம் கிடைத்தது. மகன் அதற்குள் தூங்கிவிட்டான்.

அந்த ரயில் வெள்ளவத்தையில் நிற்காது என்பதைத் தெஹிவளையில்தான் அறிந்தோம். கொழும்புக் கோட்டைக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்துத் திரும்ப வேண்டும். இருட்டில் எங்கள் கட்டிட வரிசை யன்னலில் ஓடியது. எல்லாரும் எட்டிப் பார்த்தோம். மூன்றாம் மாடியில் பல்கனி பல்ப் எரிந்துகொண்டிருந்தது.

"நல்லகாலம்" என்றார் இவர். "இல்லாட்டி எங்கட வீட்டை அடையாளம் கண்டிருக்க ஏலாது."